வெட்டவா, மாட்டவா? குறைந்த விலையில் ஓர் இடைக்கால வாள்

நேரான இருபுற அலகு, சிலுவை போலக் குறுக்கே ஒரு காப்பு, அடியில் கனமான குமிழ் என்று ஐரோப்பிய இடைக்காலப் பாணியில் ஒரு வாள் வேண்டும். கையில் இருப்பது ஐயாயிரம், மிஞ்சிப் போனால் பத்தாயிரம் ரூபாய். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு இதற்கு ஆசைப்படுபவருக்கு நான்கு வழிகள் உண்டு. இணையக் கடையில் கிடைக்கும் பளபளப்பான ஸ்டெயின்லெஸ் வாள் ஒன்று. வடக்கே தேராதூன், மீரட் பக்கத்து ஏற்றுமதிப் பட்டறைகள் செய்யும் மழுங்கிய கார்பன் எஃகு வாள் இரண்டாவது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து உள்ளூர்க் கொல்லரிடம் அடித்து வாங்குவது மூன்றாவது. மரத்திலோ அலுமினியத்திலோ செய்துகொள்வது நான்காவது. மூன்றாவது வழியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

விலையை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பெரியவரின் பட்டறைக்கு இதே ஆசையோடு போன இளைஞனிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: “வெட்டவா தம்பி, மாட்டவா?” பையன் விழித்தான். மேடையில் வீசுவதற்கு என்று மூன்றாவது பதிலும் உண்டு. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த மண்ணில் இது பழைய கேள்விதான். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலோடு வைக்கப்பட்டிருந்தன ஆயுதங்கள். எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். தொண்டைமானுக்கு அது குத்தல். நமக்கு அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் வாங்கப்போவது தொண்டைமான் வகைதான், எண்ணெய் பூசிச் சுவரில் வைக்க. அதை அதியமான் வாளென்று நினைத்து வீசத் தொடங்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் சில ஆசைகளை அது அங்கேயே நிறுத்திவிடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட பிற ஆயுதங்களையும் ஒரு தனி வகையில் வைத்திருக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரிய கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. வயலுக்குப் போகிறவர் தோளில் நீளமான அரிவாள் கேள்வியில்லாமல் போவதும், அதைவிட மழுங்கிய வாள் கேள்விக்கு உள்ளாவதும் இதனால்தான். பொம்மையாக மட்டுமே பயன்படுகிற, மெய்யான ஆயுதமாக மாற்ற முடியாத பொருளைச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை. மரவாள் அதற்குள் அடங்கிவிடும். கல்லில் தீட்டினால் கூராகிவிடக்கூடிய எஃகு வாளுக்கு அந்த நிழல் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். இத்தகைய ஆயுதத்தை வைத்திருக்க எந்தப் பகுதியில் உரிமம் வேண்டும் என்பதை அரசு அறிவிக்கை வெளியிட்டுத் தீர்மானிக்கிறது. ஆகவே உலோக வாளுக்குப் பணம் கட்டும் முன் காவல் நிலையத்தில் விசாரியுங்கள். கூச்சமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வெளிநாட்டுக் கடையிலிருந்து நேரடியாக வரவழைக்கும் யோசனையை விட்டுவிடலாம், ஆயுதங்களை நாட்டுக்குள் கொண்டுவர உரிமம் வேண்டும்.

வாங்கிய வாளைக் கூர்தீட்டாதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டிப் படம் பிடித்துப் போட்டுக் காவல் நிலையத்தில் கைகட்டி நின்றவர்களின் செய்தி நாளிதழில் அடிக்கடி வருகிறது. உங்கள் வாள் எந்த நூற்றாண்டுப் பாணி என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தேவைப்படாது.

இனி வாளுக்கு வருவோம். விலை குறைந்த வாளின் தரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. அலகு குறுக்குக் காப்பைத் தாண்டிக் கைப்பிடிக்குள் நீண்டு போகிறது அல்லவா, அந்த வால்பகுதியில்தான் இருக்கிறது. நல்ல வாளில் அலகும் வாலும் ஒரே எஃகுத் துண்டு; வால் அகலமாகத் தொடங்கி மெல்லக் குறுகிக் குமிழ் வரை போகும். சுவர் வாள்களில் பெரும்பாலும் அலகு காப்புக்குக் கீழே ஓரிரு அங்குலத்தில் முடிந்துவிடும். அங்கே ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, மறுமுனையில் மரை போட்டுக் குமிழை முடுக்கியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வேகமாக ஒரு முறை வீசினால் பற்றவைத்த இடம் விட்டு, முக்கால் மீட்டர் எஃகு எதிரே இருப்பவரை நோக்கிப் பறக்கும்.

முதல் வழியின் பெரிய குறை இதுதான். அந்த வாள்களின் எஃகும் பெரும்பாலும் 420 அல்லது 440 வகை ஸ்டெயின்லெஸ். சமையலறைக் கத்திக்கு நல்லது, துருப்பிடிக்காது. நீண்ட அலகாகும்போது வளைந்து நிமிரும் குணம் போதாமல் ஒடிந்துவிடுகிறது. எடையும் கூடுதல். வரலாற்றில் ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டி, 1.3 கிலோ வரை இருந்தன. சுவர் வாள் ஒன்றரை, இரண்டு கிலோ கூட வரும். அலகின் தடிமன் காப்பருகே தொடங்கி நுனிவரை குறைந்துகொண்டே போக வேண்டும். மலிவு வாளில் ஒரே தடிமன் தகட்டை வாள் வடிவில் வெட்டி விட்டுவிடுகிறார்கள். நுனி கனத்துக் கை நோகிறது. அலகின் நடுவே ஓடும் பள்ளம் இரத்தம் வழிவதற்கென்று விற்பவர்கள் கதை சொல்வார்கள். எடையைக் குறைத்து விறைப்பைக் காப்பதற்காக வெட்டியது அது.

இருந்தும் சுவரில் மட்டும் மாட்டப் போகிறவருக்கு ஸ்டெயின்லெஸ் வாளே போதும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிறது, துருவைத் துடைக்கும் வேலை இல்லை, ஆசைப்பட்ட அலங்காரமெல்லாம் செய்துகொள்ளலாம். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இரண்டு கொக்கிகளில் நிற்கட்டும். யாராவது எடுத்து வீசிப் பார்க்கக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது வழிக்குப் பணம் கூடுதலாக வேண்டும், பத்தாயிரத்தைத் தொட்டும் தாண்டியும் போகும். உலகெங்கும் நாடகக் குழுக்களும் வரலாற்று நடிப்புக் குழுக்களும் வாங்கும் நகல் வாள்களில் கணிசமானவை நம் நாட்டில் செய்யப்படுபவை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தேராதூனில் 1943-இல் தொடங்கிய வின்ட்லாஸ் நிறுவனம் கூர்க்கா வீரர்களின் குக்ரிக் கத்தியில் ஆரம்பித்து ஐரோப்பிய வாள்களுக்கு வந்தது. மீரட்டிலும் ஏற்றுமதிக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்களின் கார்பன் எஃகு அலகு வளைந்து நிமிரும். வால் அலகோடு ஒன்றாகவே இருக்கும். அலங்காரம் குறைவாக, சில சமயம் முரட்டுத்தனமாகவே வரும். கைப்பிடித் தோல் சுமாராக ஒட்டியிருக்கும், காப்பு லேசாக ஆடும். அதனால்தான் மாற்றியமைக்க விரும்புகிறவருக்கு இதுவே சரியான சரக்கு: கெட்டது எல்லாம் வெளியே இருக்கிறது, நல்லது உள்ளே இருக்கிறது. சுவர் வாளில் நிலைமை தலைகீழ். உள்ளே இருக்கும் கோளாறை எந்த உப்புத்தாளாலும் தேய்த்துப் போக்க முடியாது.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எஃகு என்ன வகை, எடை எவ்வளவு, காப்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் வாள் எந்தப் பக்கமும் சாயாமல் விரல்மேல் நிற்கிறது, வாலின் படம் அனுப்ப முடியுமா. எஃகின் பெயர் சொல்லாமல் ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் பதில் வந்தால் ஸ்டெயின்லெஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் புள்ளி காப்பிலிருந்து எட்டு முதல் பதின்மூன்று சென்டிமீட்டருக்குள் என்றால் நல்ல செய்தி. பதினெட்டைத் தாண்டினால் அது வாள் வடிவில் ஒரு கடப்பாரை.

மூன்றாவது வழி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் கோபிக்கிறவர்கள் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள். அந்த இரும்பு கிடைத்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மீரட்டில் வாள் வாங்குவதா? 1965 வரை சேலம் மாவட்டமாக இருந்த இந்தப் பக்கத்து உருக்கைப் பற்றிச் சொல்லாத உலோக வரலாறு இல்லையே? பெருமை சரிதான். ஆனால் இன்றைய பட்டறை அடிப்பது அரிவாளும் கொடுவாளும் கொழுவும். அரிவாளின் முதுகு தடித்தது, கூர் ஒருபுறம்தான், நீளமும் குறைவு. துவைச்சலில் (சூடேற்றிய எஃகைச் சட்டென அமிழ்த்திக் குளிர்விப்பதில்) கொஞ்சம் கோணினாலும் சம்மட்டியால் தட்டி நேராக்கிவிடலாம். முக்கால் மீட்டர் நீளமும் நான்கைந்து மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இருபுற அலகைச் சூடேற்றி எண்ணெயில் இறக்கினால், இரு பக்கமும் ஒரே சீராகக் குளிராவிட்டால், அது பாம்பாக நெளிந்துதான் வெளியே வரும். அதை அரிவாள் கொல்லரின் திறமைக் குறைவு என்று சொல்லக்கூடாது. அவர் பழகிய பொருள் வேறு.

மூலப்பொருளும் நினைப்பது போல எளிதானதல்ல. லாரி ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகுதான், பெரும்பாலும் சிலிக்கன், மாங்கனீசு சேர்ந்த இஎன்45 போன்ற வகை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். ஆனால் வருடக்கணக்கில் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். அடித்து நீட்டி முடித்த பிறகு துவைச்சலில்தான் அவை வாய் திறக்கும். தடிமன் பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வரும், வாளுக்கு அதில் பாதி போதும். மிச்சத்தை அரைத்தே கழிக்க வேண்டும். அரைக்கும்போது எஃகு அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் அந்த இடத்தில் செய்த துவைச்சல் போச்சு.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள்: புதிய தகடு வாங்கி, லேசரில் வெட்டி, வெப்பப் பதனிடும் கூடத்தில் கொடுத்தால் ஆயிற்று. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது கொல்லுப் பட்டறையைவிடச் சிறந்த வழி. ஒற்றை வாளுக்கு உலையை மூட்ட யாரும் முன்வர மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். ஆயுதம் செய்வதற்கும் விற்பதற்கும் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். உங்கள் பொழுதுபோக்குக்காக ஒரு கொல்லரையோ கூடத்து முதலாளியையோ அந்தப் பிரிவுக்கு முன்னால் நிறுத்துவது நியாயமில்லை. நான் மூன்றாவது வழியை ஒதுக்குவதற்கு வளைவு, விரிசலைவிட இதுவே பெரிய காரணம்.

உள்ளூர்த் திறமையை வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். அலகை வாங்குங்கள், பிடியை இங்கே செய்துகொள்ளுங்கள். கையில் படுவதும் கண்ணில் படுவதும் பிடிதான்.

முதலில் குமிழ் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். மரை போட்டதென்றால் சுழற்றிக் கழற்றலாம். வாலின் நுனியைக் குமிழுக்கு வெளியே அடித்து மடக்கியிருந்தால் அந்தத் தலையை அரத்தால் ராவினால்தான் கழலும். திரும்ப அடித்து மடக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் தொடாதீர்கள். மரை வாளில் காப்பும் பிடியும் குமிழும் வரிசையாக வெளியே வந்துவிடும். புதிய குமிழை எந்த லேத் பட்டறையிலும் பித்தளையிலோ மெல்லெஃகிலோ கடைந்து வாங்கலாம். பழைய குமிழின் எடையை எழுதி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். நூறு கிராம் கூடினாலே நிற்கும் புள்ளி கைப்பக்கம் நகர்ந்து வாள் இலேசாகத் தோன்றும். நுனி கனக்கும் மலிவு வாளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

பிடிக்கு மரம் தேடி அலைய வேண்டாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் சாலையெங்கும் நிற்கும் புளியின் காழ் (நடுவைரம்) கல் மாதிரி இருக்கும், உளிக்குச் சண்டை போடும், ஆனால் நிலைக்கும். கருவேலமும் வேம்பும் கருவிப் பிடிக்குப் பழகியவை. (சந்தனக் கட்டையில் பிடி போட்டால் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். வாளுக்கு ஒரு விசாரணை போதும், வனத்துறையையும் ஏன் அழைக்க வேண்டும்?) மரத்தை இரண்டு பாளமாகப் பிளந்து, வாலின் வடிவத்துக்கு உள்ளே குடைந்து, அரால்டைட் பசை வைத்து ஒட்டி, ஒரு நாள் கட்டி வையுங்கள். அதன்மேல் சணல் நூலை நெருக்கமாகச் சுற்றி, ஈரத்தில் ஊறிய மெல்லிய ஆட்டுத்தோலை இழுத்து ஒட்டி, மேலே மறுபடி நூலால் இறுக்கிக் கட்டிக் காயவிட்டு அவிழ்த்தால், நூலின் வரிகள் தோலில் பதிந்து வழுக்காத பிடி கிடைக்கும். தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி தூரமில்லை. கழிவுத் துண்டே போதும்.

பளபளப்பு மலிவைக் காட்டிக் கொடுக்கும். அலகின்மேல் பூசிய வார்னிஷை தின்னரால் துடைத்துவிட்டு, 220-ஆம் எண்ணில் தொடங்கி 400, 600 என்று உப்புத்தாளை நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் கண்ணாடி மினுக்கம் போய் மங்கலான, நிதானமான சாம்பல் நிறம் வரும். பொன்முலாம் பூசிய காப்பில் முலாமைச் சுரண்டி எடுங்கள். பித்தளைக் காப்பில் கறையைப் போக்கப் பாத்திரம் விளக்குகிற புளியே போதும். கார்பன் எஃகைப் பழசாகக் காட்ட வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் கருத்துவிடும். உடனே சமையல் சோடா கரைத்த நீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், இல்லையென்றால் வேலை நிற்காமல் துருவாகத் தொடரும். காப்பு ஆடினால் மெல்லிய பித்தளைத் தகட்டை ஆப்பாக அடித்து இறுக்குங்கள். பற்றவைக்காதீர்கள். காப்பருகே பாயும் சூடு, கார்பன் எஃகு வாளின் வலுவான இடத்தையே பலவீனமான இடமாக்கிவிடும்.

எண்ணெய் என்றதும் தேங்காய் எண்ணெயை எடுக்க வேண்டாம், சிக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும், மாதம் ஒரு முறை. தோலுறை செய்தால் வெளியே எடுத்துச் செல்லும்போது மட்டும் உறையில் போடுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகை உள்ளேயே அரிக்கும். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள், தெரியும். மறுநாள் காலையிலேயே துடைத்துவிடுங்கள். அந்த ஈரப் பொட்டு அப்படியே துருவாகப் பதியும்.

நான்காவது வழியை மலிவென்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பள்ளி நாடகமோ, இயேசுவின் பாடுகளைக் காட்டும் தேவாலயத்துப் பாஸ்கா நாடகமோ, மேடையில் இரண்டு பேர் வாளோடு மோதுகிறார்கள் என்றால் மரமும் அலுமினியமும்தான் சரி. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துத் தெருக்கூத்து மேடையில் விடிய விடிய நடக்கும் பாரதப் போரை ஒரு கூரான வாளும் இல்லாமலேயே நடத்திவிடுகிறார்கள். பார்க்கிறவர் யாரும் எஃகின் வகையைக் கேட்டதில்லை. மரவாளுக்கு அலுமினியத் தாள் ஒட்டினால் ஐந்தாவது வரிசைக்கு அப்பால் எஃகு. மோதும் ஒலி வேண்டுமென்றால் தடித்த அலுமினியப் பட்டை எடுத்து, விளிம்பை உருட்டி, நுனியை வளைத்து ராவிவிடுங்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மோதிய இடத்தில் கிளம்பும் சிம்பு கையைக் கிழிக்கும்.

என் வரிசை இது: மேடைக்கு நான்காவது, சுவருக்கு முதலாவது, கையில் பிடித்துப் பார்க்கவும் மாற்றியமைக்கவும் இரண்டாவது. பணம் இடையில் நின்றால் முதலாவதுக்கு இறங்காமல் இன்னும் சில மாதம் சேர்த்து இரண்டாவதுக்கே போங்கள். வாள் வந்ததும் குமிழைக் கழற்ற முடிந்தால் கழற்றி வாலைப் பாருங்கள், தராசில் வையுங்கள், விற்றவர் சொன்னதோடு ஒப்பிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியும் வரை உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.